மாணவர் மனமறிந்த ஆசான் நல்லைநகர் நாவலர்

யாழ்ப்பாணத்து நல்லூரிலே கந்தப்பிள்ளைக்கும் சிவகாமி அம்மையாருக்கும் புதல்வராக 1822ஆம் ஆண்டு டிசம்பர் 18ஆம் திகதி அவதரித்தவர் ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் அவர்கள். சைவமும் தமிழும் காத்த பெருந்தகை என அவரைப் போற்றாதார் இலர். பிள்ளைகளின் மனமறிந்து கற்பித்த நல்லாசிரியர் என்ற பெருமையும் அவருக்கு உண்டு.

அக்காலத் திண்ணைப் பள்ளிகளிலே பிள்ளைகள் ஏட்டுச் சுவடிகளைக் கொண்டு நிகண்டையும் நீதிநூற் செய்யுள்களையும் மனனஞ் செய்தனர். பொருள் விளங்குமுன்னரே பல பிள்ளைகள் சோர்ந்தனர். மிஷன் பாடசாலைகளிலோ அச்சிட்ட புத்தகங்களும் வகுப்புப் பிரிவுகளும் இருந்தன. இவ்விரு முறைகளையும் நாவலர் நேரிற் கண்டவர். சரவணமுத்துப் புலவர், சேனாதிராச முதலியார் ஆகியோரிடம் தமிழ் கற்றார். பேர்சிவல் பாதிரியாரின் மெதடிஸ்த பாடசாலையில் ஆங்கிலம் கற்று, அங்கேயே ஆசிரியராகவும் பணியாற்றினார்.

1848ஆம் ஆண்டு அந்தச் சம்பள உத்தியோகத்தைத் துறந்து, வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தார். இல்லறத்தை நாடாது, ஊதியமும் பெறாது கற்பித்தார். ஆயினும் சைவப் பிள்ளைகளின் கையிற் கொடுக்கத்தக்க பாடப்புத்தகம் இருக்கவில்லை. 1849இல் மாணாக்கர் சதாசிவப்பிள்ளையுடன் சென்னை சென்று அச்சியந்திரம் வாங்கிவந்தார். அதன்பின் பாலபாடங்கள் வெளிவரலாயின.

இந்நூல்களின் சிறப்பு அவற்றின் படிமுறையாகும். முதலாம் பாலபாடம் எழுத்திலும் சிறு சொல்லிலும் தொடங்கிச் சிறு வாக்கியத்துக்கு அழைத்துச் செல்லும். நான்காம் பாலபாடத்தை அடையும் பிள்ளை கல்வி, பொய், பொறாமை, கோபம் முதலிய பொருள்கள் பற்றிய நீண்ட வசனங்களைத் தானே வாசிக்கும். ஒரு படியில் உறுதியாகக் காலூன்றிய பிள்ளைக்கு அடுத்த படியில் ஏற ஆசை பிறப்பது இயல்பு. கடினமான சந்திகளைப் பிரித்தும் நிறுத்தக் குறிகளை இட்டும் நாவலர் வாசிப்பை எளிதாக்கினார். இலக்கணத்தையும் சமயத்தையும் வினாவிடையாக எழுதினார். வினாவைக் கேட்ட பிள்ளையின் மனம் விடையைத் தேடும் அல்லவா?

1864இல் சிதம்பரத்திலும் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். 1872இல் வண்ணார்பண்ணையில் அவர் தொடங்கிய சைவ ஆங்கிலப் பாடசாலை பொருள்வசதியின்மையால் நிலைக்கவில்லை. சைவச் சூழலில் ஆங்கிலக் கல்வி என்ற அவ்வெண்ணம் அவருக்குப் பின் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக உருப்பெற்றது.

1879ஆம் ஆண்டு டிசம்பர் 5ஆம் திகதி நாவலர் சிவபதமடைந்தார். பிள்ளைக்குப் படிப்பில் விருப்பமில்லை என்று குறைகூறும் ஆசிரியரும் பெற்றோரும் அவர் வாழ்விலிருந்து கற்கவேண்டியது ஒன்றுண்டு. விளங்காத பாடத்தைப் பிள்ளை வெறுத்தபோது அவர் பிள்ளையை நோகவில்லை. பாடத்தையே பிள்ளைக்கு ஏற்றதாக ஆக்கினார். கையிற் பிரம்பை எடுக்குமுன், பிள்ளை எந்தப் படியில் நிற்கிறது என்று பார்ப்பதே அப்பெருமகனுக்குச் செய்யும் உண்மையான குருபூசையாகும்.