பேராசிரியர் மிச்சி ஸ்மித்

கொடைக்கானல் வானாராய்ச்சி நிலையத்தைக் கண்டு வந்தோர் நம்மில் பலர் உளர். அதனை அம்மலைமேல் நிறுவியவர் ஒரு மிஷன் கலாசாலை ஆசிரியர் என்பதை அறிந்தோர் சிலரே.

சார்லஸ் மிச்சி ஸ்மித் 1854ஆம் ஆண்டில், ஸ்காட்லாந்து தேசத்துக் கீக் என்னும் சிற்றூரில், குருவானவர் ஒருவருக்குக் குமாரராய்ப் பிறந்தார். வேதாகம ஆராய்ச்சியால் புகழையும் பகையையும் ஒருங்கே தேடிக்கொண்ட வில்லியம் ராபர்ட்ஸன் ஸ்மித் இவருடைய தமையனார். இவரோ 1876ஆம் ஆண்டளவில் சென்னைக் கிறிஸ்தவக் கலாசாலையின் பௌதிக ஆசிரியரானார். 1883ஆம் ஆண்டில் கிரகடோவா எரிமலை வெடித்த சில நாட்களுக்குப்பின், சென்னையில் சூரியன் பச்சை நிறமாய்த் தோன்றிற்று. ஜனங்கள் வியந்து நோக்கிய அவ்வொளியை ஸ்மித் நிறமாலைக் கருவிகொண்டு சோதித்தெழுதினார். நெடுந்தொலைவில் பூமி குமுறினால் நம் ஊரிலும் அதன் அடையாளம் காணப்படும் என்பதை அவர் நேரிற் கண்டது அப்பொழுதே எனலாம்.

பழனி மலையிலும் நீலகிரியிலும் வானத்தின் தெளிவை ஆராய்ந்தவர், 1891ஆம் ஆண்டில் போக்ஸன் மறைந்தபின் சர்க்கார் வானநூல் வல்லுநரானார். கொடைக்கானலில் 1895ஆம் ஆண்டில் அஸ்திவாரமிடப்பட்டு, 1899ஆம் ஆண்டில் வேலை தொடங்கிற்று. சூரியனை நோக்கும் கருவிகளோடு, ஜான் மில்ன் அமைத்த பூகம்பமானியும் அங்கு வைக்கப்பட்டது.

தருமபுரி முதல் பழனி மலைவரை நம் காலடியிலுள்ளது பழமையான கடும்பாறை. பூகம்பம் இங்கு அரிது. அரிதான இடத்தில் அக்கருவி எதற்கு என்று எவரும் கேட்கலாம். மில்ன் தாமே, ஜப்பானில் பல்லாண்டு ஆராய்ந்துவிட்டு, நில அதிர்ச்சி குறைந்த இங்கிலாந்தில் வைட் தீவிலிருந்துகொண்டன்றோ உலகத்துப் பூகம்பங்களைக் கணக்கிட்டார்! அமைதியான நிலமே தூரத்து நடுக்கத்தைத் தெளிவாய்க் கேட்கும். கிடையாய்த் தொங்கும் ஒரு கோல்; அதன் நுனியிலுள்ள துவாரத்தின் வழியே விழும் ஒளிப்புள்ளி; அதன் கீழே மெல்ல ஊரும் புகைப்படக் காகிதம். பெரும்பாலும் அதிற் கிடைப்பது ஒரு நேர்கோடே. அந்த வெறுங்கோட்டுக்காக நாள் தவறாமல் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து, காகிதம் மாற்றி, நேரங் குறித்து வரவேண்டும். வானத்தைப் பார்ப்பவர்க்கு அங்குப் பார்ப்பதற்கேனும் ஏதோ உண்டு. இவ்வேலை அதனினுங் கடினம் என்பது என் எண்ணம்.

1900ஆம் ஆண்டு பிப்ரவரி 8ஆம் தேதி, விடியுமுன், கோயம்புத்தூரை நடுவாகக் கொண்டு தென்னிந்தியாவின் பெரும்பகுதி குலுங்கிற்று. நம் தருமபுரி அந்நாளில் சேலம் ஜில்லாவின் ஒரு தாலுகா. பூகம்பம் நமக்கில்லை என்றிருந்த எண்ணம் அன்று அசைந்தது.

ஸ்மித் 1911ஆம் ஆண்டில் எவர்ஷெட் என்பாரிடம் பொறுப்பை ஒப்புவித்தார். ஓய்வு பெற்றும் சீமைக்குத் திரும்பாமல் கொடைக்கானலிலேயே வசித்து, 1922ஆம் ஆண்டில் அங்கேயே காலமானார்.