வாசலில் ஓடிய தண்டவாளம்

இங்கிலாந்தின் வடகிழக்கே, டைன் ஆற்றின் கரையில் அமைந்த சிற்றூர் வைலம். நியூகாசில் நகருக்கு மேற்கே ஏறத்தாழ 15 கி.மீ. தொலைவில் உள்ளது. ஒரு காலத்தில் நிலக்கரியால் வாழ்ந்த அவ்வூரில் இன்று சுரங்கம் இல்லை. நடப்போருக்கும் மிதிவண்டியில் செல்வோருக்கும் உரிய அமைதியான பாதை ஒன்று ஆற்றை ஒட்டிச் செல்கிறது. அதன் ஓரத்தில் ஒரு பழைய கல்வீடு நிற்கிறது. 1760-ஆம் ஆண்டளவில் கட்டப்பட்ட அந்த வீட்டில் நான்கு தொழிலாளர் குடும்பங்கள், குடும்பத்துக்கு ஓர் அறை வீதம் வசித்தன. அத்தகைய ஓர் அறையில் 1781 ஜூன் 9 அன்று பிறந்தவர்தான், ரயில் பாதையின் தந்தை என்று உலகம் போற்றும் ஜார்ஜ் ஸ்டீபன்சன்.

தந்தை ராபர்ட், சுரங்கத்தில் ஊறும் நீரை வெளியேற்றும் எந்திரத்தின் உலையில் கரியிடும் தொழிலாளி. தாய் மேபல். இருவருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. பிள்ளைகள் அறுவரில் ஜார்ஜ் இரண்டாமவர். பள்ளிக்கு அனுப்ப வசதியில்லாத அந்தக் குடும்பத்தின் வாசலை ஒட்டியே ஒரு பாதை சென்றது. மரத்தால் ஆன தண்டவாளத்தின் மீது குதிரைகள் கரி வண்டிகளை இழுத்துச் சென்ற பாதை அது. அங்கிருந்து சுமார் 8 கி.மீ. தொலைவிலுள்ள லெமிங்டன் துறைக்குக் கரி சென்றது. அங்கே படகுகளில் ஏற்றப்பட்டுக் கடலை நோக்கிப் பயணமானது. பிற்காலத்தில் உலகையே இணைக்கப்போகும் ஒரு கருத்தின் எளிய வடிவம், அச்சிறுவனின் கண்முன் நாள்தோறும் கடந்து சென்றது.

மாடு மேய்ப்பதில் தொடங்கியது அவரது உழைப்பு. பின்னர் கரியிலிருந்து கல் பொறுக்கினார். தந்தைக்கு உதவியாளராக உலையில் கரியிட்டார். 17 வயதில் நீரேற்று எந்திரம் ஒன்றைக் கவனிக்கும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அந்த எந்திரத்தைக் கழற்றித் துடைத்து மீண்டும் பூட்டுவதையே அவர் தமது பாடமாக்கிக் கொண்டார். ஆயினும், எந்திரங்களைப் பற்றி அறிஞர்கள் எழுதியவற்றைப் படிக்கத் தம்மால் இயலவில்லை என்ற குறை அவரை வாட்டியது. 18 வயதில், தமது சொற்பக் கூலியிலிருந்து கட்டணம் செலுத்தி, இரவுப் பள்ளியில் அரிச்சுவடி கற்கத் தொடங்கினார். வளர்ந்த ஆண்மகன் சிறுவர்க்குரிய பாடத்தைப் படிப்பதில் அவர் வெட்கம் கொள்ளவில்லை.

1802-இல் ஃபிரான்சஸ் ஹெண்டர்சனை மணந்தார். வருவாய் போதாமல் காலணி தைத்தார். கடிகாரம் பழுது பார்த்தார். 1803-இல் மகன் ராபர்ட் பிறந்தார். அடுத்து வந்த ஆண்டுகள் துயரமானவை. பெண்குழந்தை ஒன்று பிறந்து சில வாரங்களில் இறந்தது. 1806-இல் காசநோய் மனைவியின் உயிரைப் பறித்தது. எந்திர விபத்தில் தந்தை பார்வையை இழந்தார். பெற்றோரையும் தாயற்ற மகனையும் காக்கும் சுமை முழுவதும் அவர் தோளில் விழுந்தது.

அந்த நிலையிலும் அவரது கைத்திறன் அவரைக் கைவிடவில்லை. 1811-இல் கில்லிங்வொர்த் சுரங்கத்தில் நீரேற்று எந்திரம் ஒன்று, பலர் முயன்றும் சரிவர இயங்காமல் இருந்தது. ஸ்டீபன்சன் அதனைச் சில நாள்களில் சீராக்கினார். மறு ஆண்டே அச்சுரங்கத்தின் எந்திரங்கள் அனைத்துக்கும் பொறுப்பாளரானார். 1814-இல், கரி வண்டிகளை இழுக்கும் தமது முதல் நீராவி எந்திரமான புளூகரை அங்கேயே உருவாக்கினார்.

கைத்திறனுக்குச் சமூகம் தரும் மதிப்பு எத்தகையது என்பதை 1815-ஆம் ஆண்டு அவருக்குக் காட்டியது. சுரங்கத்தில் கசியும் வாயு, விளக்கின் சுடர் பட்டு வெடிப்பதால் தொழிலாளர்கள் கொத்துக் கொத்தாக மடிந்த காலம் அது. சிறு துளைகளின் வழியே மட்டும் காற்று புகும் பாதுகாப்பு விளக்கு ஒன்றை ஸ்டீபன்சன் வடிவமைத்தார். வாயு கசியும் இடத்துக்குத் தாமே அதை ஏந்திச் சென்று, உயிரைப் பணயம் வைத்துச் சோதித்தார். ஏறத்தாழ அதே மாதங்களில், புகழ்பெற்ற வேதியியல் அறிஞர் ஹம்ப்ரி டேவியும் கம்பி வலையால் ஆன விளக்கை உருவாக்கினார். டேவிக்கு 2,000 பவுண்டு பரிசு கிடைத்தது. ஸ்டீபன்சனுக்கு 100 கினி. முறையாக அறிவியல் கற்காத ஒருவர் இதனைக் கண்டுபிடித்திருக்க முடியாது, டேவியின் கருத்தைத் திருடியிருக்க வேண்டும் என்ற பழியும் வந்தது. நியூகாசில் மக்கள் 1,000 பவுண்டு திரட்டி அவருக்கு அளித்தனர். கண்டுபிடிப்பில் இருவருக்கும் சமஉரிமை உண்டு என நாடாளுமன்றக் குழு 1833-இல் ஏற்றது. அதற்குள் 18 ஆண்டுகள் கடந்திருந்தன.

1825 அவருக்குப் புகழும் தலைகுனிவும் ஒருசேர வந்த ஆண்டு. லிவர்பூலையும் மான்செஸ்டரையும் இணைக்கும் பாதைக்கான மசோதாவின் மீது நாடாளுமன்றக் குழு அவரை விசாரித்தது. நிலக்கிழார்களின் எதிர்ப்பால் நில அளவை அரைகுறையாக நடந்திருந்தது. உதவியாளர்களின் கணக்குகளை அவர் சரிபார்க்கத் தவறியிருந்தார். அந்தப் பிழையை எதிர்த்தரப்பு வழக்குரைஞர் அம்பலப்படுத்தினார். பிழையைச் சுட்டியது நியாயம். ஆனால், அவரது வட்டாரப் பேச்சும் அங்கே ஏளனத்துக்கு உள்ளானது. மசோதா தோற்றது. அதே ஆண்டு செப்டம்பர் 27 அன்று, ஸ்டாக்டன் - டார்லிங்டன் பாதையில் அவரது லோகோமோஷன் எந்திரம் கரியுடன் நூற்றுக்கணக்கான மக்களையும் இழுத்துச் சென்றது.

மறு ஆண்டு மசோதா நிறைவேறியது. பணி மீண்டும் அவரிடம் வந்தது. வழியில் இருந்த சாட் மாஸ் என்னும் சதுப்பு நிலத்தில் பாதை அமைக்கவே முடியாது என்றனர். அவர் சுள்ளிகளையும் புதர்ச் செடிகளையும் பின்னிப் பரப்பி, அந்த மிதவைப் படுகையின் மேல் தண்டவாளத்தை நிலைநிறுத்தினார். 1829-இல் ரெயின்ஹில் போட்டியில் ராக்கெட் எந்திரம் வென்றது. 1830 செப்டம்பர் 15 அன்று பாதை திறக்கப்பட்டது. கில்லிங்வொர்த் கரிப்பாதையின் 4 அடி 8 அங்குல அகலத்தை அவர் தமது பாதைகளுக்குக் கொண்டுவந்தார். பின்னர் அரை அங்குலம் கூடியது. உலகின் பல நாடுகள் ஏற்ற 1,435 மி.மீ. அகலம் அதுவே. சென்னை மெட்ரோ ரயிலும் இன்று அந்த அகலத்தில்தான் ஓடுகிறது.

இவை யாவும் தனியொருவரின் சாதனை அல்ல. ரிச்சர்ட் டிரெவிதிக் 1804-லேயே தண்டவாளத்தில் நீராவி எந்திரத்தை ஓட்டிக் காட்டினார். வைலம் சுரங்க உரிமையாளர் கிறிஸ்டோபர் பிளாக்கெட்டின் ஊக்கத்தால் வில்லியம் ஹெட்லி உருவாக்கிய பஃபிங் பில்லி, ஸ்டீபன்சன் பிறந்த வீட்டின் வாசலிலேயே ஓடியது. எஞ்சியுள்ள நீராவி ரயில் எந்திரங்களுள் மிகப் பழையதான அது, இன்று லண்டன் அறிவியல் அருங்காட்சியகத்தில் உள்ளது. அதன் ஆக்கத்தில் பங்கேற்ற திமோத்தி ஹாக்வொர்த்தும் வைலத்தில் பிறந்தவரே. ராக்கெட்டின் வடிவமைப்பில் மகன் ராபர்ட்டின் பங்கு பெரிது. ஓர் ஊரின் பட்டறைகளில் பல கைகள் சேர்த்த அறிவே ரயிலாக உருப்பெற்றது.

தமக்குக் கிட்டாத கல்வியை மகனுக்கு அளித்ததையும் அவரது சாதனைகளுள் ஒன்றாகவே கருத வேண்டும். நியூகாசில் பள்ளிக்கும், பின்னர் எடின்பரோ பல்கலைக்கழகத்துக்கும் ராபர்ட்டை அனுப்பினார். மகன் கொண்டுவந்த நூல்களை மாலை வேளைகளில் தந்தையும் உடனிருந்து கற்றார். 1847-இல் எந்திரப் பொறியாளர் நிறுவனம் தோன்றியபோது, அதன் முதல் தலைவராக ஸ்டீபன்சன் தேர்வானார். 1848 ஆகஸ்ட் 12 அன்று செஸ்டர்ஃபீல்டில் காலமானார்.

வைலம் சுரங்கம் 1868-இல் மூடப்பட்டது. பழைய கரிப்பாதையின் வழியில் பின்னர் அமைந்த ரயில் தடமும் 1968-இல் நின்றுபோனது. தண்டவாளம் அகன்றாலும் பாதையும் வீடும் பேணப்படுகின்றன. பேணப்பட வேண்டியவை அவை மட்டுமல்ல. எந்திரத்தின் ஓசையைக் கேட்டே பழுதை அறியும் இளைஞர்கள் நம் பட்டறைகளிலும் இருக்கிறார்கள். அவர்களின் சான்றிதழையும் பேச்சையும் கேட்டறியும் நாம், அவர்கள் செய்து காட்டுவதையும் பார்க்கப் பழக வேண்டும். ஒரு ஸ்டீபன்சனுக்குரிய நியாயத்தை வழங்க 18 ஆண்டுகள் எடுத்துக்கொண்ட தவறு, இனி எந்த ஊரிலும் நிகழ வேண்டியதில்லை.