எழுத்தாணியைக் கீழே வைத்தவர்

ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று சங்கத்திலிருந்து போன் வந்ததும், ஹாஸ்டல் மெஸ் பற்றி எழுதலாமா, லேப் கலாட்டாக்களை எழுதலாமா என்றுதான் முதலில் நினைத்தேன். அந்த இரண்டையும் என்னைவிட நன்றாக எழுத நம்ம பேட்ச்சிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். ஆகவே எங்க ஊர்க்காரர் ஒருவரின் வாழ்க்கையை எழுதலாம் என்று முடிவு செய்தேன். அவர் ஆயிரம் வருடத்துக்கு முந்தையவர். அவருக்கும் இன்ஜினியருக்கும் என்ன சம்பந்தம் என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். சம்பந்தம் இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

என் சொந்த ஊர் காஞ்சிபுரத்துக்குப் பக்கத்தில் உள்ள கூரம். சின்னக் கிராமம்தான், ஆனால் வரலாற்றுப் புத்தகங்களில் அதற்கு இடம் உண்டு. 7-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் முதலாம் பரமேசுவரவர்மன் வெளியிட்ட கூரம் செப்பேடு இந்த ஊரைப் பற்றியதுதான். ஊருக்கு வெட்டிய பரமேசுவர தடாகம் என்ற ஏரியையும், பாலாற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்த கால்வாயையும் அது சொல்கிறது. மண்டபத்தில் பாரதம் வாசிப்பவருக்கு ஒரு பங்கு ஒதுக்கியதையும் சொல்கிறது. ஏரியையும் ஏட்டையும் ஒரே பட்டயத்தில் எழுதி வைத்த ஊர் என்று நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வோம்.

அந்த ஊரில் மரபுக் கணக்குப்படி 1010-ஆம் ஆண்டு, தை மாதம் அஸ்த நட்சத்திரத்தில் பிறந்தவர் கூரத்தாழ்வான். இயற்பெயர் திருமறுமார்பன். வடமொழியில் ஸ்ரீவத்ஸாங்கர் என்பார்கள். அவரைப் பற்றி நமக்குத் தெரிவதெல்லாம் வைணவ குருபரம்பரை நூல்கள் வழியாக வந்தவை. சில விவரங்களில் சரித்திர ஆசிரியர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. நான் இங்கே எழுதுவது அந்த நூல்கள் சொல்லும் வாழ்க்கை.

அவர் பெரிய செல்வந்தர். பகல் முழுக்க வந்தவர்க்கெல்லாம் சோறு போட்டு, இரவில்தான் மாளிகைக் கதவைச் சாத்துவார்களாம். அந்தக் கதவுச் சத்தம் காஞ்சி வரதராஜர் கோயில் வரைக்கும் கேட்டு, அது என்ன சத்தம் என்று தாயாரே விசாரித்ததாகச் செய்தி வந்தது. நம் செல்வத்தின் சத்தம் கோயில்வரை போய்விட்டதே என்று அவருக்கு வெட்கமாகிவிட்டது. எல்லாவற்றையும் விட்டுவிட்டு, மனைவி ஆண்டாளுடன் திருவரங்கத்துக்குக் கிளம்பினார். காட்டு வழியில் மனைவிக்குப் பயமாக இருந்தது. மடியில் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். கணவர் தண்ணீர் குடிக்கப் பொன் வட்டில் ஒன்றை அந்தம்மா எடுத்து வந்திருந்தார். அதை வாங்கித் தூக்கி எறிந்துவிட்டு, இனிப் பயம் இல்லை என்றாராம். அரங்கத்தில் ராமானுஜரிடம் சேர்ந்து, உஞ்சவிருத்தி எடுத்துச் சாப்பிட்டார்.

பிரம்ம சூத்திரத்துக்கு உரை எழுத ராமானுஜர் நினைத்தபோது, போதாயனர் என்ற பழைய ஆசிரியரின் விருத்தியுரை தேவைப்பட்டது. அதன் ஏடு காஷ்மீரத்தில் இருந்தது. குருவும் சீடரும் நடந்தே போனார்கள். அரசன் ஏட்டைக் கொடுத்தான். அங்கிருந்த பண்டிதர்களுக்குப் பொறுக்கவில்லை. திரும்பி வரும் வழியில் ஆள் அனுப்பிப் பிடுங்கிக்கொண்டார்கள். இத்தனை தூரம் வந்தது வீணாயிற்றே என்று ராமானுஜர் கலங்கினார். இரவில் மற்றவர்கள் தூங்கும்போது முழுவதையும் படித்து மனத்தில் வாங்கிக்கொண்டேன் என்று ஆழ்வான் அடக்கமாகச் சொன்னார்.

ஜெராக்ஸ் மெஷின் இல்லாத காலத்தில் இப்படி ஒருவர் கூட இருந்தார்!

பிறகு ஸ்ரீபாஷ்யம் எழுதும் வேலை ஆரம்பித்தது. ராமானுஜர் சொல்லச் சொல்ல, ஆழ்வான் ஏட்டில் எழுதுவார். ஒரு நிபந்தனை உண்டு. சொல்வது சரியில்லை என்று பட்டால் வாதம் செய்ய வேண்டாம், எழுதுவதை நிறுத்திவிட்டால் போதும். ஜீவனின் இலக்கணம் அறிவுடைமை என்று குரு சொன்ன இடத்தில் எழுத்தாணி நின்றுவிட்டது. இறைவனுக்கு உரியவனாக இருப்பதுதான் ஜீவனின் முதல் அடையாளம், அதைச் சொல்லாமல் அறிவை மட்டும் சொன்னால் போதாது என்பது சீடரின் எண்ணம். குருவுக்குக் கோபம் வந்தது. நீரே எழுதிக்கொள்ளும் என்கிற மாதிரி உதறிவிட்டார், காலால் தள்ளினார் என்றுகூட நூல்கள் சொல்கின்றன. ஆழ்வான் வருத்தப்படவில்லை. உடைமையை உடையவர் என்ன செய்தால் என்ன என்று இருந்துவிட்டார். பிறகு குரு தனியே யோசித்தார். நிறுத்தினவர் சொன்னதுதான் சரி என்று தெளிந்து, அவரை அழைத்துத் திருத்தி எழுதச் சொன்னார்.

ஸ்ரீபாஷ்யத்தின் ஆசிரியர் என்று உலகம் சொல்வது ராமானுஜரைத்தான். அதில் தப்பே இல்லை, நூல் அவருடையது. அவரும் தன் கடனை மறைக்கவில்லை. போதாயனரின் விரிந்த உரையை முன்னோர்கள் சுருக்கினார்கள், அவர்கள் வழியில்தான் நான் சொல்கிறேன் என்று ஆரம்பத்திலேயே எழுதிவிடுகிறார். நாம் இன்று ரெஃபரன்ஸ் கொடுக்கிறோமே, அதேதான். அந்தப் போதாயன விருத்தி இன்று எங்கும் முழு நூலாகக் கிடைக்கவில்லை. பிறர் மேற்கோள் காட்டிய சில வரிகளில்தான் மிஞ்சி நிற்கிறது. மேற்கோள் என்றால் வெறும் மரியாதை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நூலின் உயிரே அதில் தங்கிவிடும் என்பதை இங்கேதான் புரிந்துகொண்டேன்.

ஆழ்வான் வாழ்க்கையின் பெரிய சோதனை அதற்குப் பிறகு வந்தது. சோழ அரசன் ஒருவன், தன் சமயமே உயர்ந்தது என்று கையெழுத்துப் போட ராமானுஜரை அழைத்து வரச் சொன்னான். அது எந்தச் சோழன் என்பதில் ஆராய்ச்சியாளர்கள் ஒத்துப்போகவில்லை. ஆழ்வான் குருவின் காவி உடையை வாங்கி உடுத்திக்கொண்டு, தானே ராமானுஜராக அரசவைக்குப் போனார். வயதான பெரிய நம்பியும் கூடப் போனார். ராமானுஜர் வெள்ளை உடுத்தி மேலைநாட்டுப் பக்கம் தப்பினார். அவையில் ஆழ்வான் கையெழுத்துப் போட மறுத்தார். இரண்டு கண்களும் போயின. பெரிய நம்பி திரும்பும் வழியிலேயே உயிர் விட்டார்.

புகழில் தன் பெயரைப் போட்டுக்கொள்ளாத மனிதர், தண்டனை வந்தபோது மட்டும் குருவின் பெயரைத் தன் மேல் போட்டுக்கொண்டார்.

கண் இழந்து திருவரங்கம் வந்தபோது, ராமானுஜரைச் சேர்ந்தவர்களைக் கோயிலுக்குள் விடக்கூடாது என்று காவல் இருந்தது. இவர் நல்லவர், இவரை மட்டும் விடலாம் என்றார்கள் காவலர்கள். குருவின் தொடர்பை விட்டுக் கிடைக்கும் நல்ல பெயரும் வேண்டாம், தரிசனமும் வேண்டாம் என்று திரும்பிவிட்டார். திருமாலிருஞ்சோலைக்குப் போய் சுந்தரபாகு ஸ்தவம் பாடினார். பல வருடம் கழித்து ராமானுஜர் திரும்பி வந்து, காஞ்சி வரதரிடம் கண்ணைக் கேள் என்று அனுப்பினார். ஆழ்வான் வரதராஜ ஸ்தவம் பாடிவிட்டு, தன்னைக் காட்டிக்கொடுத்த நாலூரானுக்கும் நற்கதி வேண்டும் என்று கேட்டு வந்தார். குருவுக்கு முன்பே அவர் காலம் முடிந்தது.

அவருடைய சொந்த நூல்கள் பஞ்சஸ்தவம் எனப்படும் ஐந்து துதிகள். அவற்றைவிட அதிகம் பேர் வாயில் இருப்பது, பாராயணத்தின் தொடக்கத்தில் வைணவர்கள் சொல்லும் குருபரம்பரைச் சுலோகம். முதல் குருவான திருமாலில் ஆரம்பித்து, நடுவில் நாதமுனி, யாமுனர் என்று சொல்லி, சொல்பவரின் சொந்த ஆசிரியரில் முடியும் வணக்கம் அது. யார் சொன்னாலும் கடைசியில் அவரவர் வாத்தியார் வந்துவிடுவார். அவரிடம் கற்ற திருவரங்கத்தமுதனார் ராமானுஜர் மேல் பாடிய 108 பாட்டு நூற்றந்தாதியில், 7-ஆம் பாட்டைத் தன் ஆசிரியர் ஆழ்வானுக்குக் கொடுத்திருக்கிறார்.

இப்போது நம்ம கதைக்கு வருகிறேன். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் யார் யாரை மேற்கோள் காட்டினார்கள் என்று எண்ணிப் பார்க்கும் வேலையைப் பெரிய அளவில் ஆரம்பித்தவர் அமெரிக்கரான யூஜீன் கார்ஃபீல்டு. 1955-ல் யோசனையை எழுதினார், 1964-ல் அறிவியல் மேற்கோள் அட்டவணையைக் கொண்டுவந்தார். அந்த அச்சுத் தொகுதிகளில் மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை முதல் ஆசிரியர் பெயரில்தான் இருக்கும். இரண்டாமவர், மூன்றாமவர் பெயரில் தேடினால் கிடைக்காது. இன்று கம்ப்யூட்டரில் எல்லாப் பெயரும் வருகிறது. ஆனால் கட்டுரையில் பெயரே போடாதவரை எந்தக் கம்ப்யூட்டர் கண்டுபிடிக்கும்? இதற்காகத்தான் 2014-ல் கிரெடிட் என்று ஒரு முறை வந்தது. யோசனை, அளவீடு, சரிபார்த்தல், எழுதுதல் என 14 விதப் பங்களிப்பைத் தனித்தனியே சொல்லும் முறை. 2022-ல் அது அமெரிக்கத் தரநிலை ஆயிற்று. ஆழ்வானை அதில் வைத்துப் பாருங்கள். தரவைக் காத்தவர், பிரதி எழுதியவர், தவறு என்று நிறுத்தியவர். மூன்று கட்டத்திலாவது டிக் போடலாம்.

இதை நான் எழுதக் காரணம் என் தப்பு. சில வருடம் முன்பு நிலக்கரிச் சாம்பல் கலந்த கான்கிரீட் பற்றி ஒரு பரிசோதனை செய்தோம். கியூப்களை உடைத்தால் எதிர்பார்த்ததைவிட நல்ல ரிசல்ட் வந்தது. எனக்கு ஒரே சந்தோஷம். லேபில் இருந்த மூத்த டெக்னீஷியன் மட்டும் ரிஜிஸ்டரில் எழுத மறுத்து, பேனாவை மூடி வைத்துவிட்டார். மெஷினில் லோடு ஏறும் வேகம் அதிகமாக இருக்கிறது, அதனால்தான் பலம் கூடத் தெரிகிறது என்றார். எல்லார் முன்னாலும் அவரைக் கத்தினேன். ராத்திரி கணக்குப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி. மறுபடி கியூப் போட்டு, 28 நாள் காத்திருந்து, திருத்தினோம். கட்டுரை வெளிவந்தது. அதில் என் பெயர், என் மேலதிகாரி பெயர் இருந்தது. அவர் பெயர் நன்றியுரையில்கூட இல்லை. யாரும் என்னைத் தடுக்கவில்லை, எனக்குத்தான் தோன்றவில்லை. அந்தக் கட்டுரையைச் சிலர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள். ஒவ்வொரு தடவையும் என் பெயர்தான் வருகிறது.

போன தை மாதம் ஊர்த் திருவிழாவுக்குப் போய், ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் ஆழ்வான் சன்னதி முன் நின்றபோதுதான் இது உறைத்தது. ராமானுஜர் கோபப்பட்டார், ஆனால் திரும்பக் கூப்பிட்டார். நான் கோபப்பட்டதோடு சரி. மறுநாளே ஓய்வுபெற்ற அந்த அண்ணனுக்குப் போன் பண்ணி மன்னிப்புக் கேட்டேன். இந்த மலரில் உங்கள் பெயரைப் போடட்டுமா என்றேன். சிரித்துவிட்டு, மலரில் வேண்டாம் தம்பி, வேலை செய்த இடத்தில் போட்டால் போதும் என்றார். அதே பரிசோதனையின் அடுத்த பகுதியை இப்போது எழுதிக்கொண்டிருக்கிறோம். அதில் ஆசிரியர்கள் மூன்று பேர்.

படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு ஒரு வார்த்தை. பிராஜெக்ட் ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தை டைப் செய்யும்முன் ஒரு நிமிடம் நிறுத்துங்கள். உங்களுக்காகப் பேனாவை மூடி வைத்தவர் யாராவது உண்டா என்று யோசியுங்கள். இருந்தால், பைண்டிங்குக்குப் போவதற்குள் அவர் பெயரை எழுதிவிடுங்கள். அச்சான பிறகு திருத்துவது ரொம்பக் கஷ்டம்.