பாலைவனத்தில் விதைத்தவர்

விதைப்பவர் உவமையை நாம் பலமுறை கேட்டிருக்கிறோம். வழியோரத்தையும் பாறை நிலத்தையும் நல்ல நிலத்தையும் பற்றிச் சிந்திக்கிறோம். முப்பது, அறுபது, நூறு மடங்கு பலனைப் பற்றியும் பேசுகிறோம். ஆனால் விதைத்தவரைப் பற்றி எண்ணுவது குறைவு. ஒருவர் அறுவடையைக் காணாமலே வாழ்நாளெல்லாம் விதைத்துக்கொண்டிருந்தால், அவருடைய உழைப்பை வீண் என்று சொல்லிவிடலாமா? இக்கேள்விக்கு விடையாக அமைகின்றது புனித சார்ள்ஸ் டி பூக்கோவின் வாழ்வு.

1858ஆம் ஆண்டு செப்டெம்பர் 15ஆம் திகதி பிரான்சின் ஸ்ட்ராஸ்பேர்க் நகரில், செல்வமும் உயர்குடிப் பெருமையும் மிக்க குடும்பத்தில் அவர் பிறந்தார். ஆறு வயது நிறையுமுன்பே தாயையும் தந்தையையும் இழந்து, தாத்தாவின் அரவணைப்பில் வளர்ந்தார். இளமையிலே விசுவாசம் அவரைவிட்டு அகன்றது. இராணுவ அதிகாரியாகியும் களியாட்டங்களில் பெருஞ்செல்வத்தை விரயமாக்கினார். பின்னர் இராணுவத்தை விட்டு விலகி, யூத மதகுரு போன்று வேடமிட்டு 1883ஆம், 1884ஆம் ஆண்டுகளில் மொரோக்கோ நாட்டை ஆராய்ந்தார். அந்த ஆய்வுக்காகப் பாரிஸ் புவியியல் சங்கம் அவருக்குத் தங்கப் பதக்கம் வழங்கியது. உலகம் வெற்றி என்று அழைப்பதை இருபத்தேழு வயதுக்குள்ளேயே அவர் பெற்றுவிட்டார். ஆயினும் அவரது உள்ளம் நிறைவடையவில்லை. வட ஆபிரிக்காவில் இஸ்லாமியர்கள் இறைவன் முன் பணிந்து செபித்த காட்சி அவருள் ஆழ்ந்த கேள்வியை எழுப்பியிருந்தது. 1886ஆம் ஆண்டு ஒக்டோபர் மாத இறுதியில், பாரிஸ் புனித அகுஸ்தீன் ஆலயத்தில் அருட்தந்தை ஹுவெலினிடம் சமயம் பற்றிக் கேட்டறியச் சென்ற அவர், அக்குருவானவரின் சொற்படி அங்கேயே முழந்தாளிட்டுப் பாவசங்கீர்த்தனம் செய்து, நற்கருணையும் உட்கொண்டார்.

1890ஆம் ஆண்டு டிராப்பிஸ்ட் துறவு மடத்தில் இணைந்து, பிரான்சிலும் சிரியாவிலும் ஏழாண்டுகள் தவவாழ்வு வாழ்ந்தார். அதனினும் எளிய வாழ்வை நாடி 1897இல் நாசரேத்துக்குச் சென்று, புனித கிளாரா சபைச் சகோதரிகளின் மடத்தில் ஏவலாளாகப் பணிபுரிந்தார். தோட்டத்தில் கருவிகள் வைக்கும் சிறு குடிலே அவரது உறைவிடம். மீட்பர் தம் வாழ்நாளின் பெரும்பகுதியை எவரும் அறியாதவாறு தச்சுத் தொழிலில் கழித்தார் என்ற உண்மை அவரை அங்கே ஆட்கொண்டது.

1901ஆம் ஆண்டு யூன் 9ஆம் திகதி குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்ட அவர், அல்ஜீரியாவின் பெனி அபெஸ் என்னும் பாலைவன ஊருக்குச் சென்றார். அப்போதும் அவருடைய உள்ளத்தில் பெரும் திட்டங்கள் இருந்தன. புதிய துறவறக் குழுமம் ஒன்றுக்கான ஒழுங்குவிதிகளை எழுதினார். வரவிருக்கும் சகோதரர்களுக்காக அறைகளையும் கட்டினார். சகோதரர்கள் வரவில்லை. பின்னாளில் ஒருவர் அவரோடு இணைந்தபோதும், நோயுற்றுச் சில மாதங்களில் திரும்பிவிட்டார். அடிமைகள் சிலரை விலைகொடுத்து மீட்டார். அடிமை முறையைச் சகித்துக்கொண்டிருந்த பிரெஞ்சு அதிகாரத்தைக் கண்டித்து மேலிடத்துக்கு எழுதினார். அம்முயற்சியும் அவர் விரும்பிய பலனைத் தரவில்லை.

1905ஆம் ஆண்டு இன்னும் தெற்கே, துவாரெக் மக்கள் வாழும் ஹொகார் மலைப்பகுதிக்குச் சென்று, தமன்ராசெற் என்ற சிற்றூரில் குடியேறினார். அங்கு இருந்தவை ஏறத்தாழ இருபது குடிசைகளே. 1907ஆம் ஆண்டு மழை பொய்த்துக் கொடிய பஞ்சம் நிலவியது. கையிலிருந்த உணவைப் பசித்தோருக்குப் பகிர்ந்துகொடுத்தார். அவ்வாண்டு கிறிஸ்து பிறப்பு விழாவன்று அவரால் திருப்பலி ஒப்புக்கொடுக்கவும் இயலவில்லை. பங்குகொள்ள ஒருவரேனும் இல்லாமல் குரு தனியே திருப்பலி நிறைவேற்ற அக்காலத் திருச்சபைச் சட்டம் இடமளிக்கவில்லை. 1908ஆம் ஆண்டு சனவரியில் அவர் நோயுற்றுப் படுக்கையில் வீழ்ந்தார். கொடுப்பதற்கென்று வந்தவரிடம் கொடுக்க ஒன்றுமே எஞ்சவில்லை.

அப்போதுதான் அந்த ஏழை மக்கள் வறண்ட நிலமெங்கும் அலைந்து, எஞ்சியிருந்த ஆடுகளிடமிருந்து சிறிது சிறிதாகப் பால் சேர்த்து வந்து அவருக்கு ஊட்டினார்கள். அவர் உயிர் பிழைத்தார். தனியே திருப்பலி ஒப்புக்கொடுக்கத் திருத்தந்தை 10ஆம் பத்திநாதர் வழங்கிய அனுமதியும் அம்மாத இறுதியில் வந்து சேர்ந்தது. அவரது வாழ்வில் இது ஒரு திருப்புமுனை. உதவி செய்பவராக மட்டும் இருந்தவர், உதவி பெறுபவராக, அயலவராக, நண்பராக மாறினார்.

அதன்பின் அவருடைய நாள்கள் ஆரவாரமற்றவை: செபம், நற்கருணை ஆராதனை, வருவோரை வரவேற்றல், மருந்து கொடுத்தல், இவற்றோடு துவாரெக் மொழியைக் கற்றல். ஒவ்வொரு சொல்லையும் மக்களிடமே கேட்டறிந்து பொருள் எழுதினார். அவர்களுடைய கவிதைகளில் ஏறத்தாழ ஆறாயிரம் அடிகளைத் திரட்டினார். தாம் தொகுத்த நூல்களில் தம் பெயர் இடம்பெறுவதையும் அவர் விரும்பவில்லை. அவரும் தம் காலத்தின் மனிதரே. தம் நாட்டின் குடியேற்ற ஆட்சியை ஏற்றிருந்தார் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயினும் அம்மக்களின் மொழியை அவர் மதித்த விதத்தில் அன்பின் பொறுமை வெளிப்பட்டது.

முதலாம் உலகப் போரின் குழப்பம் பாலைவனத்தையும் எட்டியது. 1916ஆம் ஆண்டு டிசெம்பர் 1ஆம் திகதி, மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை மாலையில், அறிமுகமான ஒருவரின் குரல் கேட்டுக் கதவைத் திறந்த அவரை ஆயுதக் குழுவொன்று பிடித்துக் கட்டியது. சற்று நேரத்தில் ஒட்டகங்களில் இருவர் வருவதைக் கண்டு பதற்றமடைந்த இளங்காவலன் ஒருவன் அவரைச் சுட்டுக் கொன்றான். அப்போது அவருக்கு வயது 58. சில வாரங்களின் பின் அங்கு சென்ற அதிகாரி, நற்கருணைக் கதிர்ப்பாத்திரம் மணலிற் கிடப்பதைக் கண்டார்.

அன்று கணக்கெடுத்திருந்தால் என்ன எஞ்சியிருக்கும்? அவர் தொடங்க விரும்பிய துறவறக் குழுமத்தில் ஒருவர்கூட இல்லை. துவாரெக் மக்களுள் எவரும் அவரால் திருமறையில் சேரவில்லை. அகராதியோ கையெழுத்துப் பிரதியாகவே கிடந்தது.

பின்னர் நிகழ்ந்ததை நாம் அறிவோம். 1933இல் இயேசுவின் சிறிய சகோதரர்களும், 1939இல் இயேசுவின் சிறிய சகோதரிகளும் அவருடைய வழியில் தோன்றினார்கள். அகராதி 1951ஆம், 1952ஆம் ஆண்டுகளில் நான்கு தொகுதிகளாக வெளிவந்தது. 2022ஆம் ஆண்டு மே 15ஆம் திகதி திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். 1752ஆம் ஆண்டு ஆரல்வாய்மொழியில் உயிர்நீத்த தமிழ் மறைசாட்சி தேவசகாயமும் அதே திருப்பலியில் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்டார்.

எனினும் இப்பின்விளைவுகளால்தான் அவருடைய வாழ்வு பயனுள்ளதாயிற்று என்று கருதினால், நாம் மீண்டும் அறுவடையையே எண்ணத் தொடங்கிவிடுகிறோம். ஒரு சகோதரரும் பின்வராதிருந்தாலும், அகராதி மணலோடு மணலாய் மறைந்திருந்தாலும், அவர் ஒப்புக்கொடுத்த திருப்பலிகளும் ஆற்றிய புண்களும் இறைவன் திருமுன் குறைவற்றவையே. நாசரேத்துத் தச்சுப்பட்டறையில் கழிந்த ஆண்டுகள் வீணானவை என்று எந்தக் கிறிஸ்தவனும் சொல்லமாட்டான்.

அன்பான வாசகர்களே, குருக்களாகிய நாங்களும் இத்தவற்றுக்கு விலக்கானவர்கள் அல்லர். ஞாயிறு திருப்பலிக்கு வந்தோரின் தொகையையும் எழுப்பிய கட்டடத்தையும் கொண்டு எங்கள் பணியை அளந்துவிடுகிறோம். பெற்றோரோ வழிதவறிய பிள்ளைக்காகப் பல்லாண்டுகள் செபித்தும் மாற்றம் காணாமல், தம் செபமே பொய்த்ததோ எனக் கலங்குகிறார்கள். குணமடையாத நோயாளியை நாள்தோறும் பராமரிப்பவரும் சோர்ந்துபோகிறார். இவர்கள் அனைவருக்கும் பாலைவனத்துப் புனிதர் மௌனமாகப் பதில் தருகின்றார். நட்டவர் பவுல், நீர் பாய்ச்சியவர் அப்பொல்லோ. விளையச் செய்தவரோ கடவுள். அவருடைய பங்கை அவரிடமே விட்டுவிட்டு, இன்றைய நாளுக்குரிய விதையை அன்போடு விதைப்போம்.