கொடையைக் கூட்டு முயற்சியாக்கிய பெஞ்சமின் பிராங்ளின்

அமெரிக்காவின் கொடைமரபு பற்றிப் பேசுவோர் கார்னகி, ரொக்பெல்லர் முதலிய பெருஞ்செல்வர்களையே முதலிற் குறிப்பிடுவர். ஆயினும் அவர்கள் பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அம்மரபுக்கு அத்திவாரமிட்டவர் பெஞ்சமின் பிராங்ளின் என்னும் அச்சுத் தொழிலாளி.

1706 ஜனவரி 17 இல் பொஸ்டன் நகரில், சவர்க்காரமும் மெழுகுதிரியும் செய்து விற்ற ஒருவரின் மகனாகப் பிறந்த பிராங்ளின், ஏறத்தாழ ஈராண்டுகளே பாடசாலைக்குச் சென்றார். 12 வயதில் தமையனின் அச்சகத்தில் தொழில் பயிலச் சேர்க்கப்பட்டார். தமையனின் கொடுமை பொறுக்காது 1723 இல் பிலடெல்பியாவுக்கு ஓடிச் சென்றார்.

நூல்களை இங்கிலாந்திலிருந்து தருவித்த காலம் அது. தனியொருவரால் வாங்க இயலாதவற்றைப் பலர் சேர்ந்து வாங்கலாமெனக் கருதிய அவர், 1731 இல் 50 பேரிடம் ஆளுக்கு 40 ஷில்லிங் பெற்றுச் சந்தா நூலகமொன்றை நிறுவினார். 1736 இல் தொண்டர்களைக் கொண்ட தீயணைப்புக் கழகமொன்றையும் அமைத்தார்.

வறிய நோயாளருக்கு வைத்தியசாலை வேண்டுமென வைத்தியர் தோமஸ் பொண்ட் முயன்றபோது பணம் சேரவில்லை. சட்டசபையின் நாட்டுப்புற உறுப்பினரோ, அது நகரத்தவருக்கே பயன்படும் என்று தயங்கினர். பொதுமக்கள் 2000 பவுண் திரட்டினால் மட்டும் சபையும் 2000 பவுண் வழங்கட்டும் எனப் பிராங்ளின் யோசனை கூறினார். அத்தொகை சேராது என நம்பிய உறுப்பினர் செலவின்றிப் புகழ் பெறலாமென இணங்கினர். தாம் கொடுப்பது இருமடங்காகும் எனக் கண்ட மக்கள் தாராளமாக வழங்கினர். இவ்வாறு 1751 இல் பென்சில்வேனியா வைத்தியசாலை உருவானது. இன்றும் உலகெங்கும் நன்கொடை திரட்டுவோர் இம்முறையைக் கையாளுகின்றனர்.

பிலடெல்பியா மக்களின் நன்கொடையில் எழுந்த பிரசங்க மண்டபமொன்று எம்மதத்தவருக்கும் திறந்திருந்தது. இஸ்லாத்தைப் போதிக்கக் கொன்ஸ்தாந்திநோபிள் முப்தி ஒருவரை அனுப்பினாலும் அவருக்கும் அங்கு இடமுண்டு எனத் தமது சுயசரிதையில் அவர் குறிப்பிட்டார்.

எனினும் அவரது வாழ்வில் மறைக்கவியலாத கறையொன்று உண்டு. அவர் அடிமைகளை வைத்திருந்தார். அவரது பத்திரிகை அடிமை விற்பனை விளம்பரங்களையும் வெளியிட்டது. முதுமையில் மனம் மாறி, 1787 இல் அடிமை ஒழிப்புச் சங்கத்தின் தலைவரானார். 1790 பெப்ரவரியில் காங்கிரசுக்கு அவர் கையொப்பமிட்டு அனுப்பிய மனு பயனளிக்கவில்லை. அவ்வாண்டு ஏப்ரல் 17 இல் காலமானார்.

இளம் தொழிலாளருக்குக் கடன் வழங்கவெனப் பொஸ்டனுக்கும் பிலடெல்பியாவுக்கும் தலா 1000 பவுணை அவர் உயிலில் எழுதி வைத்தார். 200 ஆண்டுகளுக்கு வகுக்கப்பட்ட அந்நிதி, 1990 அளவில் பல மில்லியன் டொலர்களாகப் பெருகியிருந்தது.

பெருஞ்செல்வர் ஒருவர் தோன்றும் வரை காத்திராது, அயலவர் தத்தம் சிறுபங்கைச் சேர்த்தாலே நூலகமும் வைத்தியசாலையும் எழும் என்பதற்கு அவரது வாழ்வு சான்றாகும். அவ்வுதவியின் எல்லைக்குள் எவரெவரைச் சேர்க்கிறோம் என்ற கேள்விக்கு அவர் விடை காண நெடுங்காலம் சென்றது. அத்தாமதமும் நாம் மறக்கலாகாத பாடமே.