தனிமையில் தேறிய நெஞ்சம்

கப்பலோட்டிய தமிழர் என்றும் செக்கிழுத்த செம்மல் என்றும் வ.உ.சிதம்பரம் பிள்ளையை நாடறியும். இவ்விரு புகழுரைகளின் நிழலில் அதிகம் பேசப்படாத மற்றொரு சிதம்பரனார் இருக்கிறார். அவர் வெண்பாப் புலவர், உரையாசிரியர், உற்றாரும் ஊராரும் அருகில் இல்லாத காலத்து இறைவனையும் தமிழையும் துணையாகக் கொண்டு தம் நெஞ்சைத் தேற்றிக்கொண்டவர். பாட்டோடு உறவுடைய நாம் நினைந்து போற்றத்தக்க வாழ்வு அது.

1872ஆம் ஆண்டு செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மையாருக்கும் மகனாகப் பிறந்தார். தந்தையாரைப் போலவே வழக்கறிஞரானார். பின்னர்த் தூத்துக்குடியில் குடியேறினார். வருவாய் பெருகியது, கொடையும் உடன் பெருகியது. அவரை நாடி வந்த புலவர்கள் வெறுங்கையோடு திரும்பியதில்லை. சைவப் பற்றும் நூற்பயிற்சியும் இளமையிலேயே அவரிடம் வேரூன்றியிருந்தன. எனினும் ஒருவர் கொண்ட நம்பிக்கையின் ஆழம் வளமான நாளில் தெரிவதில்லை. அதனை அளந்து காட்டும் நாள் பின்னர் வந்தது.

1906இல் சுதேசி நாவாய்ச் சங்கம் தோன்றியது. 1907இல் காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் தூத்துக்குடிக்கு வந்தன. தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஆங்கிலேயரின் கப்பலுக்கு எதிராக இந்தியர் கப்பல் ஓடிற்று. மறு ஆண்டு கோரல் ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்திற்கு அவர் துணை நின்றார். 1908 மார்ச்சு 12ஆம் நாள் கைது செய்யப்பட்டார். சூலை 7ஆம் நாள் நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். தாம் அரசுக்கு எதிராகப் பேசியதற்கு 20 ஆண்டு. நண்பர் சுப்பிரமணிய சிவாவுக்குத் துணை நின்றதற்கு 20 ஆண்டு. அச்செய்தி கேட்ட தம்பி மீனாட்சிசுந்தரம் சித்தம் கலங்கினார். மேல்முறையீட்டில் தண்டனை 6 ஆண்டாகக் குறைந்தது. ஆனால் தம்பியின் சித்தம் தெளியவேயில்லை.

கோயம்புத்தூர்ச் சிறையில் சணல் உரிக்கும் எந்திரம் சுற்றியதில் உள்ளங்கைத் தோல் உரிந்தது. அதன்பின் எண்ணெய்ச் செக்கில் மாட்டைப் போலப் பூட்டினர். உடல் வருத்தத்தினும் பெரிய வருத்தம் ஒன்று இருந்தது. தாம் செய்த செயலால் முதுமையுற்ற பெற்றோரும் இளம் மனைவி மீனாட்சி அம்மையும் சிறு மக்களும் துன்புறுகின்றனரே என்னும் எண்ணம் அது. செக்கிலிருந்து அவிழ்த்துவிட்ட பின்னும் அவ்வெண்ணத்திலிருந்து அவரை அவிழ்த்துவிட எவருமில்லை. 1910 இறுதியில் கண்ணனூர்ச் சிறைக்கு மாற்றப்பட்டார். அங்கிருந்தபோது, 1911இல், அவர் உயிரினும் மேலாக வளர்த்த நாவாய்ச் சங்கம் கலைக்கப்பட்டது.

இத்தகைய நிலையில் மனிதன் இறைவனை நோக்கிக் கேட்கும் முதற்கேள்வி, எனக்கு ஏன் இந்தத் துன்பம் என்பதே. சிதம்பரனார் அக்கேள்வியில் தேங்கி நின்றுவிடவில்லை. தம் மனத்தைச் செப்பம் செய்யும் பணியை அவர் கையிலெடுத்தார். ஜேம்ஸ் ஆலன் என்னும் ஆங்கில ஆசிரியரின் நூலை மனம் போல வாழ்வு என்று தமிழாக்கினார். தாம் சிறைப்பட்டிருந்த 1909ஆம் ஆண்டிலேயே அந்நூல் வெளிவந்தது. புறத்தே கதவடைத்தாலும் அகத்தே ஒருவன் தன்னை ஆளலாம் என்னும் கருத்தை அவர் ஏட்டிலிருந்து மட்டும் பெயர்க்கவில்லை. நாள்தோறும் பட்டறிந்து பெயர்த்தார்.

அடுத்துப் பாட்டு வந்தது. இறைவனை முன்னிலைப்படுத்தியும், தந்தை, மனைவி, நண்பர் முதலியோரை நினைந்தும் சிறையில் அவர் பாடியவை பல. அவற்றுள் பெரும்பாலானவை வெண்பாக்கள். வெண்பா எளிதில் வசப்படாத யாப்பு என்பதை நாம் அறிவோம். தளை ஒன்று தட்டினாலும் பா கெட்டுவிடும். கையில் விலங்கின் தளை கிடக்க, நாவில் வெண்டளை பிழையாமல் பாடுவதற்கு எத்துணை மன ஒருமை வேண்டும்! அவர் வேண்டுதல் ஓலமாகச் சிதறிப் போகாமல் காத்தது அந்த யாப்பே எனலாம். துயரைச் சீராகவும் அடியாகவும் அளந்து இறைவன்முன் வைத்தபோது, அது தாங்கத்தக்க பாரமாயிற்று. அப்பாடல்கள் 1915இல் பாடற்றிரட்டு என்னும் பெயரால் நூலுருப் பெற்றன.

கண்ணனூரில் அவர் நம்பிக்கை மேலும் ஒருபடி வளர்ந்தது. தம் ஆறுதலைத் தேடியவர் பிறர்க்கு ஆறுதல் தருபவரானார். உடனிருந்த கைதிகள் அறநூல் கற்க விழைந்தனர். அவர்களை மனத்திற்கொண்டு எளிய வெண்பாக்களால் மெய்யறிவு இயற்றினார். 125 அதிகாரங்கள் கொண்ட மெய்யறமும் அச்சிறையில் உருவானதே. மாணவரியலில் தொடங்கும் அந்நூல் இல்வாழ்வியல், அரசியல், அந்தணரியல் எனச் சென்று மெய்யியலில் நிறைவுறுகிறது. உலகக் கடமைகளைக் கடந்து மெய்ப்பொருளைச் சேரும் வழி அதில் ஒழுங்குபெற அமைந்துள்ளது. நாட்டுக்காக உழைப்பதும் இறைவனை நாடுவதும் அவருக்கு வெவ்வேறு வழிகளாகத் தோன்றவில்லை.

1912 டிசம்பரில் விடுதலை வந்தது. அந்நாளில் சிறைவாயிலில் பெருங்கூட்டம் இல்லை. அவர் கைதானபோது கொதித்தெழுந்து திருநெல்வேலியை நடுங்கவைத்த மக்கள், நாலரை ஆண்டில் அச்சத்தாலும் மறதியாலும் அடங்கிப் போயிருந்தனர். கப்பல் இல்லை, வழக்கறிஞர் சன்னதும் பறிபோயிருந்தது. சென்னையில் குடும்பத்தோடு வறுமையில் உழன்றார். சிறு வணிகம் செய்து பார்த்தார். அதில் உயர்வு காணவில்லை. தென்னாப்பிரிக்கத் தமிழர் அவருக்கெனத் திரட்டிய தொகையைப் பெறுவதற்காகக் காந்தியடிகளோடு பலமுறை கடிதப் போக்குவரத்து நடத்த வேண்டியிருந்தது. புலவர்க்கு வாரிவழங்கிய கை, உதவி வேண்டிப் பாட்டெழுதும் கையாயிற்று. சிறைத் தனிமையை அரசு தந்தது. இந்த இரண்டாம் தனிமையைத் தந்தவர்கள் அவர் நேசித்த மக்களே. இதைத் தாங்குவதே அரிது.

அவர் கசந்து போகவில்லை என்பதற்கு அவர் செய்த பணிகளே சான்று. திருக்குறள் மணக்குடவருரையைப் பதிப்பித்தார். தொல்காப்பிய இளம்பூரணத்தை அச்சேற்ற உழைத்தார். மீண்டும் சன்னது கிடைக்க உதவிய வாலேஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியை மறவாமல், தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயரிட்டார். ஆங்கில அரசால் அத்தனை துன்பமுற்றவர் ஓர் ஆங்கிலேயருக்குக் காட்டிய நன்றி அது. பகையும் நன்றியும் அவர் நெஞ்சில் தத்தம் எல்லையில் நின்றன. 1935இல், சிவஞானபோதத்தின் 12 சூத்திரங்களுக்கும் எளிய உரை வெளியிட்டார். கால் நூற்றாண்டுக்கு முன் செக்கடியில் தொடங்கிய தேடல் அவ்வுரையில் கனிந்தது என்று கொள்வது பிழையாகாது.

1936 நவம்பர் 18ஆம் நாள் தூத்துக்குடியில் அவர் மறைந்தார். இறுதிக் காலத்தில் எழுதுவித்த உயிலில் கடைகளுக்குத் தரவேண்டிய பாக்கிகளையும் கணக்கிட்டுச் சொல்லியிருந்தார். பிறர் தமக்குப் பட்ட கடனை அவர் எழுதிவைக்கவில்லை. அக்கடன் இன்னும் தீராமல் நம்மிடமே இருக்கிறது.

இறைநம்பிக்கை சிதம்பரனாரின் துன்பத்தைப் போக்கிவிடவில்லை. வறுமை கடைசிவரை இருந்தது. ஆயினும் அவ்வறுமைக்குள் ஒருவர் நேர்மை குன்றாமல், நன்றி மறவாமல், கற்பதையும் எழுதுவதையும் கைவிடாமல் வாழ முடிந்தது. நம்பிக்கை தரும் வரம் அதுவே. கேட்பார் எவருமின்றிப் பாட நேரும் காலம் கவிஞர் ஒவ்வொருவர்க்கும் வரும். அப்போது கோவைச் சிறையின் கொட்டடியில் தளை பிழையாது வெண்பாப் பாடிய அவரை நினைப்போம். கேட்பவன் ஒருவன் இருக்கிறான் என்னும் துணிவு நம் பாட்டுக்கும் வாய்க்கும்.