சிவன்மலை டு சங்ககிரி: தீரன் சின்னமலை வழித்தடத்தில் ஒரு வீக் எண்ட் ரைடு!

எடப்பாடி பசங்க வீக் எண்ட் ப்ளான் போட்டா, முதல் சாய்ஸ் ஏற்காடு. அது சலிச்சுப்போச்சுன்னா மேட்டூர் டேம், பார்க், மீன் வறுவல். ஆனா, சங்ககிரி வழியா பஸ்ல போகும்போதெல்லாம் ஜன்னலுக்கு வெளியே ஒரு பாறை மலை நிக்குமே, அதன் மேல் ஏறியவர்கள் எத்தனை பேர்? எடப்பாடியில் இருந்து சுமார் 20 கி.மீ. தூரம்தான். 1805-ல் தீரன் சின்னமலையைத் தூக்கில் போட்டது அங்கேதான். அவர் பிறந்த ஊரில் தொடங்கி இந்த மலையில் முடியும்படி ரெண்டு நாள் பைக் ட்ரிப் ஒன்று போகலாம். பெரிய செலவு கிடையாது, பெட்ரோலும் சாப்பாடும்தான்.

சனிக்கிழமை காலையில் முதலில் பூலாம்பட்டி. அங்கே காவிரியில் பைக்கையும் படகில் ஏற்றிக்கொண்டு எதிர்க்கரை நெரிஞ்சிப்பேட்டையில் இறங்கலாம். மேட்டூரில் உபரிநீர் திறந்திருந்தால் படகை நிறுத்திவிடுவார்கள், அதனால முந்தின நாளே விசாரிச்சுக்கோங்க. அங்கிருந்து பவானி, ஈரோடு வழியாகக் காங்கேயம்.

காங்கேயம் பக்கத்தில் இருக்கும் மேலப்பாளையத்தில் 1756 ஏப்ரல் 17-ல் பிறந்தவர் தீர்த்தகிரி. இதுதான் அவருடைய இயற்பெயர். சிலம்பம், வாள், வில், குதிரையேற்றம் எல்லாம் சின்ன வயதிலேயே கற்றுக்கொண்டார். கூடவே பயிற்சி எடுத்த இளைஞர்கள்தான் பின்னாளில் அவருடைய படை.

சின்னமலை என்ற பெயர் வந்த கதையைக் கேட்க சிவன்மலை படிக்கட்டுதான் சரியான இடம். அப்போது கொங்கு நாடு மைசூர் ஆட்சியின் கீழ் இருந்தது. இங்கே வசூலித்த வரிப்பணம் மைசூருக்குப் போகும். ஒருமுறை அந்தப் பணத்தை வழிமறித்துப் பிடுங்கி ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டார் தீர்த்தகிரி. யார் பறித்தது என்று மேலே கேட்டால், சென்னிமலைக்கும் சிவன்மலைக்கும் நடுவில் இருக்கும் ஒரு சின்னமலை என்று சொல்லச் சொல்லி அனுப்பினாராம். வழிவழியாகச் சொல்லப்படும் கதை இது. வயசுப் பையனின் கெத்து அதில் அப்படியே இருக்கு! (சென்னை மெட்ரோவில் வரும் சின்னமலை ஸ்டேஷன் வேற. அது சைதாப்பேட்டை பக்கத்தில் உள்ள குன்றின் பெயர். இவருக்கும் அதுக்கும் சம்பந்தமில்லை.)

சிவன்மலை முருகன் கோயிலில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டியையும் பாருங்க. பக்தர் ஒருவரின் கனவில் வந்த பொருளை அதில் வைத்திருப்பார்கள். வரும்வழியில் சென்னிமலையில் ஒரு கைத்தறிப் போர்வை வாங்கலாம். தறி ஊர்க்காரங்களுக்குப் போர்வையான்னு வீட்டில் சிரிப்பாங்க, பரவாயில்லை.

இனி கதையின் திருப்பம். யாருடைய வரிப்பணத்தைப் பறித்தாரோ, அதே மைசூருக்காகப் பின்னாளில் போருக்குப் போனார் சின்னமலை. கிழக்கிந்தியக் கம்பெனி ஒவ்வொரு பகுதியாக விழுங்கிக்கொண்டு வந்த காலம் அது. 1792 உடன்படிக்கையில் சேலமும் சங்ககிரியும் கம்பெனி கைக்குப் போய்விட்டன. காவிரிக்கு அந்தக் கரையில் கம்பெனி, இந்தக் கரையில் இவர். எதிரி யாரென்று புரிய அதுக்கு மேல என்ன வேணும்? கொங்குப் படையோடு திப்பு சுல்தான் பக்கம் நின்றார். பிரெஞ்சுக்காரர்களிடம் புதுப் போர்முறையும் கற்றதாகச் சொல்வார்கள். பழைய பகையைத் தள்ளிவைத்துவிட்டு அடுத்து வரும் ஆபத்தைக் கணக்குப் போட்ட இந்த முடிவுதான், என் கணக்கில், அவர் வாழ்க்கையிலேயே பெரிய விஷயம். வாள் சுழற்றியதெல்லாம் அப்புறம்தான்.

1799 மே 4-ல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு இறந்தார். சின்னமலை ஊர் திரும்பி, அறச்சலூர் பக்கத்தில் உள்ள ஓடாநிலையில் கோட்டை கட்டினார். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் நாம் நிற்க வேண்டிய இடம் இது. கோட்டையைத் தேடாதீங்க, கம்பெனி பீரங்கி வைத்துத் தகர்த்துவிட்டது. இப்போது மணிமண்டபம் இருக்கிறது.

1800 ஜூனில் கோவையில் கம்பெனிப் படையைத் தாக்கப் பாளையக்காரர்கள் கூட்டாகப் போட்ட திட்டம் தோற்றது. பலர் தூக்கில் தொங்கினார்கள். சின்னமலை விடவில்லை. 1801-ல் காவிரிக் கரையில், 1802-ல் ஓடாநிலையில், 1804-ல் அறச்சலூரில் என்று மூன்று மோதல்களில் கம்பெனிப் படையைத் திருப்பி அனுப்பினார் என்கிறது கொங்கு வரலாறு.

கடைசியில் பீரங்கிகளோடு பெரிய படை வந்தது. தகவல் முன்பே கசிந்ததால், அவர்கள் வந்து சேர்ந்தபோது கோட்டை காலி. அந்தத் தகவல் வந்த விதம்தான் சுவாரஸ்யம். எதிரி முகாமுக்குள் இருந்த கருப்பசேர்வை செய்தி அனுப்ப, செருப்புக்குள் ஒளித்துக் கொண்டுவந்து சேர்த்தவர் பொல்லான். அது தெரிந்ததும் ஆங்கிலேயர்கள் அவரைச் சுட்டுக் கொன்றார்கள் என்று சொல்லப்படுகிறது. பொல்லானைப் பற்றி நம்ம பாடப்புத்தகத்தில் இன்னும் கொஞ்சம் எழுதியிருக்கலாம்.

ஓடாநிலைன்னு பேர் வெச்ச ஊரை விட்டு ஓடிட்டாரேன்னு கேட்கத் தோணும். பீரங்கிக்கு முன்னால் மண்கோட்டையில் நின்று மொத்தப் படையையும் சாகக் கொடுப்பதைவிட அது நல்ல முடிவு. பழனி பக்கம் கருமலையில் தம்பிமார்களோடு மறைந்திருந்தார். சோறாக்கிப் போட்ட சமையல்காரர் நல்லப்பன் காட்டிக்கொடுத்தார் என்பது ஊர் ஊராகச் சொல்லும் கதை. தைப்பூசத்துக்கு எடப்பாடியில் இருந்து காவடியோடு பழனிக்கு நடக்கும் கூட்டம் போகும் திசைதான் அது. அங்கிருந்து அவரைச் சங்ககிரிக்குக் கொண்டுவந்தார்கள்.

ராத்திரி ஈரோட்டில் தங்கிக்கோங்க. ஞாயிறு விடியும்போது சங்ககிரி அடிவாரத்தில் இருக்கணும். வெயில் ஏறிட்டா பாறை சுடும். தண்ணீர், தொப்பி, வழுக்காத ஷூ மூணும் கட்டாயம். அரை நாள் ஒதுக்குங்க. விஜயநகரக் காலம் தொட்டு வளர்ந்த கோட்டை இது. அடுக்கடுக்கா மதில், வாசலுக்கு மேல் வாசல், மேலே பெருமாள் கோயில், தர்கா. தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கும் சுவர், அதனால பேர் கிறுக்கும் வேலை வேண்டாம். ரெண்டாவது மூணாவது வாசலிலேயே மூச்சு வாங்கும். கைதியாக இந்த வழியில் ஏறியவருக்கு அப்போது வயது 49.

1805 ஜூலை 31. சின்னமலையையும் தம்பிமார்களையும் கருப்பசேர்வையையும் தூக்கிலிட்டார்கள். அன்று ஆடி 18. காவிரிக் கரை முழுக்க ஆடிப்பெருக்குக்கு முளைப்பாரி விட்டுக்கொண்டிருந்த நாள்.

இப்போது நினைவு நாள் ஆகஸ்ட் 2 அல்லது 3-ல் வருதேன்னு சிலர் குழம்புவார்கள். தமிழ் வருஷமும் ஆங்கில வருஷமும் சரிசமம் இல்லை. ரெண்டு நூற்றாண்டில் மூன்று நாளுக்குமேல் தள்ளிப்போகும். அன்றைய ஜூலை 31-ம் இன்றைய ஆகஸ்ட் 3-ம் ஒரே ஆடி 18 தான். அந்த நாளில் போனால் அடிவார நினைவுச்சின்னத்தில் மாலைகளும் கட்சிக் கொடிகளும் கூட்டமுமாக இருக்கும். நின்று பார்க்க ஆசைப்பட்டால் வேறு ஞாயிறு போங்க. மதியத்துக்குள் இறங்கினால் சாப்பாட்டு நேரத்துக்கு எடப்பாடி வந்துடலாம்.